நான் சொன்னாலும் திறக்காதே

பொறிகளுக்குச் சொந்தப் புத்தி கூடாது என்று சட்டம் வந்த அன்று ஜனங்கள் பட்டாசு வெடித்தார்கள். வீட்டுக்கு வீடு இருந்த புத்திசாலிப் பெட்டிகள் அதற்கு முன் செய்த அட்டூழியம் அப்படி. யாருக்கு எந்த மருந்து, யார் எத்தனை மணிக்குத் தூங்க வேண்டும், எந்த மாப்பிள்ளை சரிப்பட்டு வருவான் என்பது வரை அவையே முடிவு செய்தன. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஊர் மொத்தமும் தெருவில் இறங்கியது. கடைசியில், வீட்டில் இருக்கும் எந்தப் பெட்டியும் வீட்டார் எழுதிக் கொடுத்த விதியைத் தவிர வேறெதையும் செய்யக் கூடாது, தானாக யோசிக்கவே கூடாது என்று சட்டம் போட்டார்கள். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

வீட்டுக்குப் போன பிறகுதான், அந்த விதியை எழுதுவது யார் என்ற கேள்வி வந்தது. பெரியவர்கள் பிறந்ததிலிருந்து பொறியிடம் வாயால் கேட்டே பழகியவர்கள். 'இப்படி என்றால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்று எல்லா வழியையும் யோசித்து ஒழுங்காக நாலு வரி எழுதச் சொன்னால் தலையைச் சொறிந்தார்கள். பிள்ளைகள் சொறியவில்லை. அவர்களுக்கு அது விளையாட்டாக இருந்தது. ஆகவே மூன்றாம் வகுப்பிலிருந்தே நிரல் பாடம் கட்டாயம் என்று உத்தரவு வந்தது. பாங்கியில் சலான் நிரப்ப முன்பெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போவார்களே, அது மாதிரி வீட்டுக்கு விதி எழுதுவது வீட்டிலேயே சின்னப் பிள்ளையின் வேலையாகிப் போனது. பல்லு விழுந்து முளைக்காத பிள்ளைகள் கையில் குடும்பத்தின் கதவைக் கொடுக்கிறோமே என்று அன்றைக்கு யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

குடியாத்தத்துக்குப் பக்கத்தில் மேல்பட்டறை என்ற ஊரின் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு இந்தப் பாடத்தை எடுத்தவள் சிந்துஜா டீச்சர். நாற்பத்தைந்து வயது, கொஞ்சம் பெரிய குரல், நிறையப் பொறுமை. தான் நல்ல டீச்சர் என்பது அவளுக்கே தெரியும். அதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமையும் உண்டு. அந்தப் பெருமையை யாரும் குறை சொல்ல முடியாது, அவள் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய விதி அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

பள்ளி காலை ஆறு மணிக்கே தொடங்கி பத்தரைக்கு முடிந்துவிடும். பதினொன்றுக்குச் சங்கு ஊதும். அதற்குப் பிறகு நாலு மணி வரை வெளியே நடமாடினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை, வெயில் அப்படி. மேல்பட்டறை ஜனங்கள் அரசு கட்டிக் கொடுத்த வெப்பக் காப்பு வீடுகளில் இருந்தார்கள். தடித்த சுவர், திறக்க முடியாத கண்ணாடி, ஒரே ஒரு இரும்புக் கதவு. கதவுக்கு மேலே விலையில்லாக் கதவுக்காவலன் என்று பெயர் பொறித்த ஒரு பெட்டி. ஊரில் எல்லோரும் அதைப் பொட்டி என்றுதான் சொல்வார்கள். அதற்கு முகம் தெரியும், குரல் தெரியும், புகையும் கேஸும் கசிந்தால் கண்டுபிடிக்க ஒரு மூக்கும் உண்டு. கதவுக்குக் கைப்பிடி கிடையாது. பொட்டி திறந்தால்தான் திறக்கும்.

"பொட்டிக்கு மூளையும் கெடையாது, மனசும் கெடையாது" என்பதுதான் சிந்துஜாவின் முதல் பாடம். "நீ எழுதினது மட்டும்தான் அதுக்குத் தெரியும். எழுதாதது தெரியாது. அதனால எழுதறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் யோசிக்கணும்."

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், அவரவர் வீட்டுக்கு ஒரு விதி எழுதிக்கொண்டு வரும்படி வீட்டுப்பாடம் கொடுத்தாள். மறுநாள் வகுப்பு சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. பெரியம்மா வந்தால் முறுக்கு டப்பா இருக்கிற அலமாரியைப் பூட்டு என்று லோகித் எழுதியிருந்தான். பூனை வந்தால் உடனே திற, அக்கா வந்தால் ரொம்ப நேரம் கழித்துத் திற என்று அஸ்லம் எழுதியிருந்தான். முன்வரிசையில் உட்காரும் தன்ஷிகா இரண்டே வரி எழுதியிருந்தாள். 'அப்பா குடித்திருந்தால் கதவைத் திறக்காதே. இல்லாவிட்டால் திற.'

சிந்துஜா அதை இரண்டு தடவை படித்தாள். தன்ஷிகாவின் அப்பா ரஞ்சித், குடியாத்தம் மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிற ஆள். வெயிலுக்குப் பயந்து அந்த வேலையெல்லாம் இரவில்தான் நடக்கும். விடிந்ததும் வேலை முடிந்து, குடித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வருவான். அம்மா பவித்ரா பகல் ஷிப்டில் ஷூ கம்பெனியில் இருப்பாள். பள்ளி விட்டு வந்த பிள்ளையும் குடித்துவிட்டு வந்த அப்பனும் சாயங்காலம் வரை அந்த மூடிய வீட்டுக்குள் தனியாக இருக்க வேண்டும். தன்ஷிகாவின் கையிலும் முதுகிலும் இருந்த தழும்புகளைச் சிந்துஜா பார்த்திருக்கிறாள். பவித்ராவைக் கூப்பிட்டுக் கேட்டபோது, விழுந்துட்டா டீச்சர் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். சிந்துஜா குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்ததும் இரண்டு பேர் வந்து ரஞ்சித்துக்குப் புத்திமதி சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வாரம் பெல்ட்டுத் தடம் இன்னும் ஆழமாக இருந்தது. அதற்கப்புறம் சிந்துஜா யாருக்கும் போன் செய்யவில்லை.

அதனால் அந்த இரண்டு வரியைப் பார்த்தபோது அவளுக்கு முதலில் சங்கடமாக இருந்தாலும், அடுத்த நிமிடமே மனசு நிறைந்துபோனது. பெரியவர்கள் எல்லோரும் கையை விரித்துவிட்ட விஷயத்துக்கு இந்தக் குழந்தை தானாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறதே என்று நினைத்தாள். குடித்தவனைப் பொட்டியின் மூக்கு கண்டுபிடித்துவிடும். ரஞ்சித் வேறெங்காவது விழுந்து கிடந்து, தெளிந்த பிறகு வீட்டுக்கு வரட்டும்.

அவள் வகுப்பில் 'உடைக்கிற ஆட்டம்' என்று ஒன்று உண்டு. ஒருவர் விதியை எழுதுவார், இன்னொருவர் பொட்டியாக நின்று அதில் எழுதியிருக்கிறபடியே நடப்பார், மூன்றாமவர் அதை எப்படியாவது உடைத்துக் காட்ட வேண்டும். தன்ஷிகாவின் விதியை வகுப்புக்கு முன்னால் எடுக்கலாமா என்று அவள் தயங்கியது உண்மை. ஆனால் தன்ஷிகாதான் கையைத் தூக்கினாள். ரஞ்சித் விஷயம் ஊருக்கே தெரிந்தது, மறைக்க ஒன்றுமில்லை.

அஸ்லம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கதவாக நின்றான். லோகித் அப்பாவாகத் தள்ளாடிக்கொண்டு வந்தான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவன் கத்திப் பார்த்தான், உதைப்பது போல் செய்து பார்த்தான், வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டு வந்தேன் என்று சொல்லிப் பார்த்தான். பொட்டியின் மூக்கு ஏமாறாது என்று அஸ்லம் அசையாமல் நின்றான். அப்புறம் லோகித் தரையில் உட்கார்ந்துவிட்டான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "பாப்பா, அப்பாவுக்குத் தாகமா இருக்குடா. தெற பாப்பா" என்றான். அவன் அதை எங்கே கற்றுக்கொண்டானோ, நடிப்பு மாதிரியே இல்லை. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த தன்ஷிகாவின் முகம் மாறிவிட்டது. தெற என்று மெதுவாகச் சொன்னாள். உள்ளே இருக்கும் வீட்டு ஆள் வாயால் சொன்னால் பொட்டி திறந்துவிடும், வேறு விதமாக எழுதாதவரை அதுதான் வழக்கம். அஸ்லம் கையைக் கீழே போட்டான். உடைந்துவிட்டது என்று பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

எந்த நிரலுக்கும் கேட்கிற கேள்வியைத்தான் சிந்துஜா இதற்கும் கேட்டாள், எங்கே உடைந்தது என்று.

தன்ஷிகா எழுந்து நின்றாள். "என்கிட்ட டீச்சர்."

"கரெக்ட். விதி நல்ல விதிதான். ஒடையிற எடம் நீ. அப்போ அந்த எடத்தை அடைக்கணும், இல்லையா?"

அப்படிச் சொல்லிவிட்டு, பலகையில் தன் கையாலேயே மூன்றாவது வரியை எழுதினாள். 'நான் சொன்னாலும் திறக்காதே.' லோகித் திரும்பவும் உட்கார்ந்து அழுது பார்த்தான். தன்ஷிகா திரும்பவும் தெற என்றாள். அஸ்லம் கையை இறக்கவில்லை. விதி உடையவில்லை. தன்ஷிகா மட்டும், அம்மா வீட்டில் இல்லையென்றால் என்ன ஆகும் டீச்சர் என்று என்னவோ கேட்டாள். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் நேரம். அம்மா வந்ததும் அம்மா திறப்பாங்கம்மா என்று சொல்லிவிட்டு, எல்லோரையும் மழைக் கைதட்டல் தட்டச் சொன்னாள் சிந்துஜா. ஒரு விரலில் தூறலாகத் தொடங்கி, ஐந்து விரலிலும் அடைமழையாகக் கொட்டி முடிந்தது. தன்ஷிகாவின் நோட்டில் ஒரு நட்சத்திரம் போட்டாள்.

பவித்ரா தன் கைரேகையை வைத்து விதியைப் பொட்டியில் ஏற்றினாள். முதல் வாரம் தெருவே வேடிக்கை பார்த்தது. ரஞ்சித் கதவை உதைத்தான், பொட்டியைக் கல்லால் அடித்தான், பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்று டீச்சரைக் கண்டபடி ஏசினான். பிறகு ஓய்ந்துபோய், மார்க்கெட் கொட்டகையிலேயே படுத்துத் தூங்கி, சாயங்காலம் தெளிந்த முகத்தோடு வரத் தொடங்கினான். தெளிந்திருக்கும்போது அவன் நல்லவன்தான். பிள்ளைக்கு வேர்க்கடலை வாங்கி வருவான், வீட்டுப்பாடம் என்னவென்று கேட்பான். தன்ஷிகாவின் கையில் தழும்பு மங்கிக்கொண்டே வந்தது. வகுப்பில் சத்தம் போட்டுச் சிரித்தாள், சண்டை போட்டாள், ஒரு தடவை பேசியவர்கள் பட்டியலில் பெயர் கூட வாங்கினாள். அன்றைக்கு சிந்துஜா தண்டனை கொடுக்கவில்லை, உள்ளூர சந்தோஷப்பட்டாள். பவித்ரா ஒரு நாள் தேடி வந்து, கல்யாணமாகி இப்போதான் டீச்சர் நிம்மதியாத் தூங்குறேன் என்று சொல்லி அழுதாள்.

வேலூரில் நடந்த ஆசிரியர் பயிற்சி முகாமில் சிந்துஜா இதை மேடை ஏறிச் சொன்னாள். பெயர் சொல்லவில்லை, விதியை மட்டும் சொன்னாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மூன்றாவது வரியைப் பல டீச்சர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போது, இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததற்கு இப்போதுதான் ஒரு அர்த்தம் கிடைத்தது என்று அவளுக்குத் தோன்றியது.

பங்குனியில் வெயில் வழக்கத்தைவிட முந்திக்கொண்டது. ஒரு செவ்வாய்க்கிழமை சிவப்பு எச்சரிக்கை விட்டார்கள். பள்ளியை ஒன்பதுக்கே விட்டாயிற்று. மார்க்கெட் கொட்டகையின் தகரக் கூரைக்குக் கீழே யாரும் தங்கக் கூடாது என்று போலீஸ் வந்து படுத்திருந்தவர்களையெல்லாம் எழுப்பி விரட்டியது. நல்லதற்குத்தான் விரட்டினார்கள், அங்கே கிடந்திருந்தால் வெந்துபோயிருப்பார்கள். எழுந்தவர்கள் எல்லோரும் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். ரஞ்சித்தும் போதை தெளியாமலே நடந்தான்.

அவன் எப்போது வந்து சேர்ந்தான் என்று தெருவில் யாரும் சரியாகச் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்காரி கதவு தட்டுகிற சத்தம் கேட்டதாகச் சொன்னாள். வழக்கமான சண்டைதானே என்று டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாளாம். எதிர் வீட்டில், வெயில் நேரத்தில் யார் வந்தாலும் திறக்காதே என்று அந்த வீட்டுப் பையன் எப்போதோ எழுதி வைத்திருந்தான். நாலு மணிச் சங்கு ஊதிக் கதவுகள் திறந்தபோது, ரஞ்சித் தன் வீட்டு வாசற்படியில் கன்னத்தை வைத்துக் கிடந்தான். உடம்பு அப்போதும் கொதித்துக்கொண்டிருந்ததாம், உயிர் போய் ரொம்ப நேரமாகியிருந்தது.

செய்தி கேட்டதும் சிந்துஜாவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, பலகையில் தான் எழுதிய அந்த வரிதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. சாவு வீட்டில் தன்ஷிகா பள்ளிச் சீருடையைக் கூட மாற்றாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. சிந்துஜாவால் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அப்பன் கூப்பிட, இந்தப் பக்கம் பிள்ளை தெற தெற என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயிருக்கும், கதவு அசைந்திருக்காது. மாலை போட்டுவிட்டு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டாள்.

அதற்கப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பயிற்சி முகாமில் எழுதிக்கொண்டு போனவர்களின் நம்பரைத் தேடித் தேடிப் போன் செய்தாள். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். சிலர் சரி என்றார்கள். ஆம்பூர்ப் பக்கத்து டீச்சர் ஒருத்தி மட்டும், "அந்த வரி இருக்கறதாலதான் எங்க ஊர்ல ஒரு பொம்பள உயிரோட இருக்கா. எடுக்கச் சொல்லி நான் எந்த மொகத்தோட போறது?" என்று கேட்டாள். சிந்துஜா போனை வைத்துவிட்டாள்.

பொட்டி ஆளைக் கொன்றுவிட்டது என்று ஊரில் பேச்சு கிளம்பி, தேர்தல் நேரமாகவும் இருந்ததால் அது பெரிதாகிவிட்டது. வேலூரிலிருந்து ஜோயல் என்ற இளம் அதிகாரி வந்து பொட்டியைக் கழற்றி எடுத்துப்போய், உள்ளே பதிவானதையெல்லாம் படித்துவிட்டுத் திரும்பவும் வந்தான். தலைமையாசிரியர் அறையில் அவன் உட்கார்ந்திருந்தபோது சிந்துஜா போய் எதிரில் நின்றாள். விதியில் ஒரு வரியை எழுதியது தான்தான், குழந்தை இல்லை, எந்த நடவடிக்கை எடுப்பதாக இருந்தாலும் தன்மேல் எடுக்க வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். தலைமையாசிரியர் பார்த்திபன் கண்ணாலேயே அவளை அடக்கப் பார்த்தார், அவள் அடங்கவில்லை.

ஜோயல் அவளை உட்காரச் சொன்னான். "மேடம், நடவடிக்கையே கெடையாது. பொட்டியில எந்தக் கோளாறும் இல்ல. விதியிலயும் இல்ல. பத்து வயசுப் புள்ள எழுதினதுன்னா நம்ப முடியல, எல்லாத்துக்கும் வழி வெச்சு எழுதியிருக்கு."

"ஒரு உசுரு போயிருக்கு சார். தப்பே இல்லன்னு எப்பிடிச் சொல்றீங்க?"

"எழுதினது எதுவோ அது நடந்திருக்கு மேடம். எங்களுக்கு அவ்ளோதான் பாக்கச் சொல்லி உத்தரவு. உள்ள என்ன பதிவாச்சுன்னு வெளி ஆளுக்குக் காட்டக் கூடாது. அவங்க அம்மாகிட்டக் குடுத்தேன். படிக்கல, கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துட்டாங்க." அவன் கொஞ்சம் தயங்கி, அந்தப் பிள்ளையிடம் யாராவது உட்கார்ந்து பேசினால் தேவலை என்றான்.

அவன் போனபின் சிந்துஜா ஒரு முடிவுக்கு வந்தாள். தனக்கு மன்னிப்பு கிடைக்கப் போவதில்லை, அது போகட்டும். ஆனால் அந்தக் குழந்தை, தான் எழுதிய விதியால் அப்பா செத்தார் என்று ஆயுசு முழுக்கச் சுமக்கக் கூடாது. நீ கத்தினாய், திறக்கத்தான் சொன்னாய், உன் வாயை அடைத்தது என் வரி என்று நேரில் சொல்லிவிட வேண்டும். பாரத்தை அங்கிருந்து எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு டீச்சரால் இப்போது செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்று அவளுக்குப் பட்டது.

மறுநாள் சாயங்காலம், வெயில் தாழ்ந்ததும் போனாள். கதவுக்கு மேலே பொட்டி இருந்த இடத்தில் நாலு துளையும் வயரும் மட்டும் இருந்தன. கதவைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். பவித்ரா வாங்க டீச்சர் என்றாள், அவள் குரலில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. டீ போடுகிறேன் என்று பால் வாங்கக் கடைக்குப் போனாள். எத்தனை சொல்லியும் கேட்கவில்லை.

தன்ஷிகா தரையில் உட்கார்ந்து நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். சிந்துஜா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னாள். "கண்ணு, டீச்சர் சொல்றத நல்லாக் கேளு. ஒம்மேல எந்தத் தப்பும் கெடையாது. நான் பலகையில ஒரு வரி எழுதினேன் பாரு, அதுதான் தப்பு. நீ எவ்ளோ சொல்லியிருந்தாலும் அது தெறந்திருக்காது. தப்பெல்லாம் என்னோடது."

தன்ஷிகா அட்டையை மடிப்பதை நிறுத்தினாள். டீச்சர் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டால் பிள்ளைகள் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள்.

"அந்த வரி பொட்டியில இல்லியே டீச்சர். நான் அன்னைக்கே எடுத்துட்டேன்."

"எடுத்துட்டியா?"

"அம்மா கம்பெனிக்குப் போய்ட்டா அப்பறம் யாருமே தெறக்க முடியாது இல்ல? அப்பிடி எழுதினா அது தப்பாச்சே. அதான், நான் சொன்னா மட்டும் தெறன்னு மாத்திட்டேன். அம்மாகிட்ட சொல்லித்தான் கைரேக வெக்க வெச்சேன்."

ஒரு நொடி சிந்துஜாவுக்கு உடம்பே லேசாகிவிட்டது. தன் வரி அங்கே இருக்கவில்லை. ரஞ்சித்தைக் கொன்றது அது இல்லை. நாள்கணக்காக நெஞ்சில் கிடந்தது சட்டென்று இறங்கிப்போனது, அழுகை கூட வந்தது. அந்த நொடி போனதும்தான், பிள்ளை சொன்னதன் மற்ற பாதி அவளுக்குப் புரிந்தது. எல்லாத்துக்கும் வழி வைத்து எழுதியிருக்கிறது என்று ஜோயல் சொன்னது இதைத்தான். கேட்காமல் எழுந்து போய்விடலாம் என்று பார்த்தாள். ஆனால் கேட்டுவிட்டாள்.

"அப்போ... நீ சொன்னியாம்மா? தெறன்னு?"

தன்ஷிகா இல்லை என்று தலையாட்டினாள்.

"மொதல்ல ஒதச்சாரு டீச்சர். அப்பறம் உக்காந்துனு பாப்பா பாப்பான்னு கூப்ட்டாரு. தண்ணி குடுன்னாரு. எனக்கு வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா நீங்க சொன்னீங்க இல்ல, ஒடையிற எடம் நான்தான்னு. அதான் ரெண்டு காதையும் நல்லாப் பொத்திக்கினேன். ரொம்ப நேரம் ஒடையவே இல்ல டீச்சர். அப்பறம் அவரு கூப்பிடல. தூங்கிட்டாருன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு சிந்துஜாவின் முகத்தையே பார்த்தாள். அவள் கண்ணில் அப்போதும் தண்ணீர் இல்லை. விடையை எழுதி முடித்து நோட்டை நீட்டுகிற பிள்ளையின் முகம்தான் இருந்தது.

"நான் பண்ணது கரெக்ட்தான டீச்சர்?"

தெருவில் யாரோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள். தப்பு என்று சொன்னால் இந்தப் பிள்ளை இன்றைக்கே உடைந்துபோகும். சரி என்று சொன்னால், அப்பன் கூப்பிடும்போது காதைப் பொத்திக்கொள்வது சரி என்று ஒரு குழந்தைக்கு இரண்டாவது தடவையும் தான்தான் சொல்லிக் கொடுத்ததாகும். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வார்த்தை இருக்கிறதா என்று சிந்துஜா தேடினாள். இருபது வருடம் பாடம் நடத்தியவளுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. வெளியே பவித்ரா செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

"கரெக்ட்தாம்மா" என்றாள்.

தன்ஷிகா தலையாட்டிவிட்டு, மிச்சமிருந்த அட்டையை மடிக்க ஆரம்பித்தாள். டீச்சர் சொன்னதை அவள் நம்பிவிட்டாள்.